உண்டபின் சொல்ல வேண்டிய செய்தி

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பிறகு, "எழுது. ஆனால் தெரிஞ்சதை மட்டும் எழுது," என்றார். வேறொருவர் இந்த நிபந்தனையை விதித்திருந்தால் அதைப் பொதுவான அறிவுரையாகக் கொண்டிருப்பேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன வாய்களால் எங்கள் வீடு பட்ட பாட்டை அருகிருந்து கண்டவர் அப்பா. ஆகவே அதற்குக் கட்டுப்படுகிறேன்.

போர் முடிந்த அந்த ஆண்டில், ஓக்லாந்து நகரின் மனுரேவாப் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. அம்மாவின் ஒரே தம்பி, எனக்குச் சின்ன மாமா, வன்னியில் அகப்பட்டிருந்தார். முகாமின் கம்பிவேலிக்குப் பின்னால் அவரைக் கண்டார்களாம் என்றார் ஒருவர். வவுனியா மருத்துவமனையில் காலில் கட்டோடு படுத்திருக்கிறாராம் என்றார் இன்னொருவர். அது அவரில்லையாம், அதே பெயருடைய வேறொருவராம் என்றார் மூன்றாமவர். அவர்களுள் எவரும் தம் கண்ணால் கண்டவரல்லர். ஒவ்வொரு செய்திக்கும் அம்மா எழுந்து நின்றார். அதற்கு மறுப்பு வரும்போது விழுந்தார். மீண்டும் எழுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும்.

எனவே, கீழே வருபவை நான் கண்டவை. அல்லது கண்டவரிடமும் செய்தவரிடமும் நேரே கேட்டவை. உறுதி செய்ய முடியாதவற்றை முடியாதவை என்றே சொல்வேன். நாங்கள் சென்ற வாகனம் வெள்ளை நிறமானது என்பது அப்பாவின் நினைவு. எனக்கு அதன் நிறம் நினைவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா உண்பதை நிறுத்தியிருந்தார். பட்டினி என்று சொல்ல இயலாது. பாலும் பழமும் எடுத்துக்கொண்டார். அடுப்பில் வெந்த எதையும், உப்புச் சேர்ந்த எதையும், தம்பியின் குரலைக் கேட்கும்வரை வாயில் வைப்பதில்லை என்று கோயிலில் நேர்ந்துகொண்டிருந்தார். மாமாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அம்மாவின் கைத்தொலைபேசி எண் ஒன்றுதான். அந்தத் தொலைபேசி சமையலறையிலும் குளியலறை வாசலிலும் தலையணைக்கு அடியிலும் அவரோடு இருந்தது. எங்களுக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டு, ஒரு வாழைப்பழத்தோடு எங்கள் எதிரே அமர்ந்திருப்பார். கன்ன எலும்புகள் துருத்தத் தொடங்கியிருந்தன.

இந்நாட்டில் அரசியின் பிறந்தநாளுக்கென விடும் பொது விடுமுறைக்குச் சில நாள் முன்பாக அப்பாவின் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. இதை நான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்து, சொன்னவர் அப்பா. அழைத்தவர் மாமாவோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவர். வவுனியாவில் ஏதோ ஒரு கடையிலிருந்து பேசினார். "அண்ணை, நான்தான் மண் போட்டனான்," என்றாராம். எந்த நாள் என்று அப்பா கேட்டிருக்கிறார். "அப்ப நாள் கிழமை ஒண்டும் எங்களுக்குத் தெரியாதண்ணை," என்று சொல்லி அவர் அழுதிருக்கிறார். பிறகு தொடர்பு அறுந்தது.

அந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்ல அப்பாவுக்கு இரண்டு தடைகள் இருந்தன.

முதலாவது எங்கள் மக்கள். மனுரேவா வீட்டில் அம்மா வாய்விட்டு அழுதால் மாலைக்குள் வீடு நிறையும். நிறைந்த வீட்டில் ஒருவராவது, "அழாதையுங்கோ, நான் வேற மாதிரிக் கேள்விப்பட்டனான்," என்பார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுபடியும் தொலைபேசியை எடுப்பார். அதற்கு முடிவே இராது. ஆகவே யாரும் வந்து சேர முடியாத இடம் ஒன்று அப்பாவுக்குத் தேவைப்பட்டது; தெற்கே இருந்த பனிமலை ஒன்றைத் தேர்ந்தார். அம்மாவோடு இருப்பதற்காக எடுத்த விடுப்புகள் அனைத்தும் தொழிற்சாலையில் தீர்ந்துபோயிருந்தன. வார இறுதியோடு சேர்ந்து வரும் அந்தத் திங்கட்கிழமை ஒன்றே மிச்சம். ஒருவருடைய சாவை இன்னொருவருடைய பிறந்தநாள் விடுமுறையில் சொல்ல வேண்டியவரானார் அவர்.

இரண்டாவது தடை எங்கள் வழக்கம். வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் இழவுச் செய்தி சொல்வதில்லை. சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கேட்டவர் எப்போது உண்பார் என்பதும் தெரியாது. எனவே ஊரில் செய்தி கொண்டுவருபவர் முற்றத்தில் நின்று மழையைப் பற்றிக் கதைப்பார், மாட்டைப் பற்றிக் கதைப்பார். உள்ளே இருப்பவர் உண்டு முடித்துக் கை கழுவிய பிறகே வந்த காரியத்தைச் சொல்வார். அப்பா இதில் தவறாதவர். அம்மா ஒரு பிடி உண்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். அம்மாவோ தம்பியின் குரலைக் கேட்டால் உண்ணலாம் என்று காத்திருந்தார். அந்த இரண்டு காத்திருப்புகளுக்கும் நடுவே அமர்ந்து நான் பனியில் சறுக்குவதைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

வெளியூர் அழைத்துப் போகச் சொன்னவர் வைத்தியர் என்று அம்மாவிடம் சொல்லப்பட்டது. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க சிக்னல் இருக்குமோ?"

விடை சொன்னவர் சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவர் அப்போது எங்கள் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தார்; சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. "அண்ணி, இந்த நாட்டில ஆட்டுக்கே சிக்னல் இருக்கு. மலைக்கு இல்லாமல் போகுமே?"

சித்தப்பாவுக்கு எல்லாருடைய குரலும் வரும். கிடங்கு மேலாளரின் குரல், வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரல், எங்கள் பாடசாலை அதிபரின் குரல் எல்லாம் அவர் தொண்டையில் தயாராக இருக்கும். ஒருமுறை ஐயரின் குரலில் தொலைபேசியில் பேசி, அப்பாவைத் திருவிழாவுக்கு இருநூறு தேங்காய் உரித்துத் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தவர். அப்பா அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தாமே சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுக்கச் சென்றோம். உள்ளே படுக்கைகளும் சிறிய அடுப்பும் தொட்டியும் மடித்து வைக்கும் மேசையும் இருந்தன. வீட்டையே சக்கரத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பு. புதிய வாகனம் புறப்படும்போது சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கமாக அம்மாவின் பொறுப்பு. அன்று அவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் ஏறி அமர்ந்துவிட்டார். சித்தப்பாதான் சட்டைப்பையிலிருந்து நான்கு பழங்களை எடுத்து வைத்து, அவற்றின்மேல் ஓட்டினார். வாகனத்தை வாடகைக்குத் தந்தவர் குனிந்து சக்கரத்தில் ஒட்டியிருந்த சாற்றைத் தொட்டு முகர்ந்து, ஏதேனும் ஒழுகுகிறதா என்று கவலையோடு கேட்டார்.

"சேஃப்டி செக்," என்றார் சித்தப்பா.

தெற்கு நோக்கிச் சென்றோம். திங்கட்கிழமைதான் அரசி பிறந்தாரா என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். நான் ஆங்கிலத்தில் கேட்பதும் அவர்கள் தமிழில் விடை சொல்வதும் எங்கள் வீட்டு முறை.

"அவ பிறந்தது வேற மாசம், பிள்ளை," என்றார் சித்தப்பா. "சனத்துக்கு வசதியான ஒரு திங்களாப் பாத்து வைச்சிருக்கினம்."

"அப்படி மாத்தலாமா?"

"அரசியெண்டால் மாத்தலாம். எனக்கும் உனக்கும் ஏலாது."

அப்பா வீதியைப் பார்த்தபடி, "தெரிஞ்ச நாளெண்டால் மாத்தி வைக்கலாம்தான்," என்றார். அதில் என்ன இருக்கிறது என்று அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பது எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா கோயில் ஒலிபெருக்கியின் குரலில், மூக்கால், அறிவித்தார்: "பக்த அடியார்களின் கவனத்திற்கு! வாசலை மறித்து நிறுத்தப்பட்டிருக்கும் கேம்பர்வேனின் உரிமையாளர், உடனடியாக வந்து தமது வீட்டை அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்!" நான் வயிறு நோகச் சிரித்தேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஏரியின் கரையில் நிறுத்தினோம். அப்பா தாமே விடியற்காலையில் அவித்த புட்டு ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது. அம்மா அவிக்கும் புட்டு உதிரும். அது கட்டியாக இருந்தது. அப்பா அதை அம்மாவின் மடியில் வைத்தார்.

"இஞ்சரும், ஒரு வாய் சாப்பிடும்."

"நீங்கள் சாப்பிடுங்கோ."

"ஒரு வாய். எனக்காக."

"அவன்ர குரலைக் கேட்ட பிறகு சாப்பிடுறன். உங்களுக்குத் தெரியும்தானே?"

அப்பா பெட்டியை மூடினார். அந்தப் பயணம் முழுவதும் அவர் எத்தனை முறை அந்தப் பெட்டியைத் திறந்து மூடினார் என்று நான் எண்ணவில்லை. அவர் அம்மாவிடம் அவ்வளவு கெஞ்சி நான் அதற்கு முன் கண்டதில்லை. விடுமுறை என்றால் பெரியவர்கள் ஒருவரோடொருவர் இப்படி அன்பாகிவிடுவார்கள் போலும் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

மலையடியில் கேம்பர்வேன்கள் தங்கும் முகாமைச் சென்றடைந்தபோது மழை. தொலைபேசியில் சிக்னல் இல்லை. அம்மா அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாகனத்துக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். இறங்கி மழையில் நடந்தார். கழிப்பறைக் கட்டடத்தின் கூரைக்குக் கீழே நின்று பார்த்தார். திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல், "வீட்டை போவம்," என்றார்.

"அண்ணி, மழைக்குத்தான் இப்படி. மழை விட்டவுடன வரும்."

"நீ ஆட்டுக்கும் இருக்கெண்டு சொன்னனீ."

சித்தப்பா மழையில் இறங்கி முகாம் அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனார்.

முகாமை நடத்திய பெண்மணி, மேலே பனிச்சறுக்கு நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனால் சிக்னல் கிடைக்கும் என்றார். ஆனால் மழையில் அன்று மேலே போவது உசிதமில்லை என்றும் சொன்னார். ஞாயிறும் மழையே. அம்மா சன்னலோரம் அமர்ந்து, மேகத்துக்குள் மறைந்திருந்த மலை இருக்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தமக்குத்தாமே, "இப்ப எடுத்தாலும் எடுப்பான்," என்றார். தொடர்பே இல்லாத அந்த ஒன்றரை நாளில் தம்பி நூறு முறை அழைத்து நூறு முறையும் விடை கிடைக்காமல் வைத்துவிட்டதாக அவர் உள்ளத்தில் ஓடியிருக்க வேண்டும். வேண்டும் என்கிறேன், அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று பிற்பகல், பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அப்பாவும் சித்தப்பாவும் கதைத்தது என் காதில் விழுந்தது.

"இண்டைக்கு வேண்டாமண்ணை."

"பின்ன எப்ப? செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனாப் பிறகோ?"

"அவவின்ர கோலத்தைப் பாத்தனீங்களே? தாங்க மாட்டா."

"அதுக்குத்தானே சொல்லுறன், ஒரு வாய் சாப்பிடட்டும் எண்டு. சாப்பிட்டால் சொல்லிப்போடுவன். எனக்கும் இதை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாதடா."

சித்தப்பா ஒரு தட்டைத் துடைத்த பின்னும் துடைத்துக்கொண்டிருந்தார். "சாப்பிடோணும். அவ்வளவுதானே?" என்றார்.

அம்மாவுக்கு அப்பா ஏதோ பரிசு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். பிறந்தநாள் விடுமுறை ஆயிற்றே. வாகனத்தின் இழுப்பறைகளை எல்லாம் திறந்து தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. இரகசியம் கெட்டுவிடக்கூடாது என்று யாரிடமும் வாய் திறக்கவுமில்லை.

திங்கட்கிழமை வானம் வெளுத்தது. மேகம் விலகி மலை முழுவதும் தெரிந்தது. உச்சி வெண்மை, இடை கருமை. அதைக் கண்டதும் அம்மா கைகூப்பினார். மேலே வாகனத் தரிப்பிடத்தில் இறங்கியவர், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கிடந்த பனித்திட்டின் முன்னால் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"அண்ணி, கயிலாயமெண்டாலும் சப்பாத்தோட போங்கோ. கழட்டினால் விரலும் சேந்து கழண்டு வரும்."

அம்மா பொருட்படுத்தவில்லை. வெறுங்காலோடு பனியை மிதித்து நின்று கண்ணை மூடினார். அப்பா முழந்தாளிட்டு, அவர் காலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தம் கம்பளித் தொப்பியால் துடைத்து, சப்பாத்தை மாட்டி நாடாவைக் கட்டிவிட்டார். சுற்றிலும் விடுமுறைக்கு வந்திருந்த குடும்பங்கள் பிளாஸ்டிக் தட்டுகளில் அமர்ந்து கூச்சலிட்டுச் சறுக்கிக்கொண்டிருந்தன.

தரிப்பிடத்தின் ஓரத்தில், இரும்புக் கம்பித் தடுப்பு முடியும் மூலையில், அம்மாவின் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைத்தது. ஓரடி நகர்ந்தாலும் போய்விடும். அம்மா அந்த இடத்தில் நின்றுகொண்டார். காற்று முகத்தில் அறைந்தது. தவறிய அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அப்பா அருகில் நின்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். நேற்றைக்கு முந்தைய நாளின் புட்டு. மூடினார்.

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக்குள் சென்றார். வரிசை நீளமாக இருந்தது. "பிள்ளை, நீ லைனில நில். சிப்ஸ் வாங்கு. அம்மாவிட்டைக் கொண்டுபோ. நான் ஒரு அலுவலாப் போட்டு வாறன்." அவர் கட்டடத்தின் பின்பக்கக் கதவால் வெளியே போனதைக் கண்டேன். அங்கே என்ன செய்தார் என்பதைக் காணவில்லை.

உருளைக்கிழங்குப் பொரியலைச் சூடாகத் தாளில் சுற்றித் தந்தார்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். அப்போது தொலைபேசி ஒலித்தது.

அம்மா அதை முதலில் காதில் தலைகீழாக வைத்தார். ஒரு காதை மற்றக் கையால் பொத்திக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டினார். அவர் பேசியதை முழுமையாகக் கேட்டேன், மறுமுனையைக் கேட்கவில்லை.

"ஹலோ... ஹலோ... ஓம், ஓம், அக்காதான் கதைக்கிறன்... ஆர்?... ஆர் தம்பி கதைக்கிறது? காத்து, ஒண்டும் விளங்கேல்லை... எங்க? முகாமிலயோ?... காலிலயோ? பெரிய காயமோ?... அவனிட்டைக் குடுங்கோ தம்பி, ஒருக்கா... ஏன் ஏலாது?... சரி. சரி. அவன் சாப்பிட்டவனோ? அதைச் சொல்லுங்கோ. சாப்பிட்டவனோ?"

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம்," என்றார். மறுபடியும், "ஓம்." தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்த பின்னும் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"இருக்கிறானாம்," என்றார். "காலில காயமாம். வேற ஒண்டுமில்லையாம். அவனுக்கு போன் குடுக்க விடமாட்டினமாம், ஒளிச்சு எடுத்துக் கதைச்ச பொடியனாம். இவன் சாப்பிட்டவனாம்." அதன்பின் அவர் முகம் கோணியது, அழுகை என்று நான் அஞ்சினேன், அது சிரிப்பு. "அக்காவைச் சாப்பிடச் சொல்லு எண்டு சொல்லிவிட்டவனாம்!"

அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு தலையை உயர்த்தித் தரிப்பிடம் முழுவதும் கண்ணால் தேடினார். யாரைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கம்பிவேலிக்குள் இருப்பவருக்கு, இங்கே அக்கா உண்ணாமல் இருப்பதை யார் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்ற கேள்வியும் எனக்கு அப்போது எழவில்லை. ஒன்பது வயதில் நான் கேட்ட கேள்வி, பொரியல் ஆறுகிறதே, யார் உண்பது என்பதே.

அம்மா உண்டார். என் கையிலிருந்த தாளைப் பிரித்து, எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று கூடக் கேட்காமல், நின்றபடியே உண்டார். விரலில் ஒட்டிய உப்பை நக்கினார். எனக்கும் ஊட்டினார். பின்பு குனிந்து ஒரு கைப்பிடிப் பனியை அள்ளி என் கழுத்துக்குள் போட்டார். நான் அலறினேன். ஓடினேன், துரத்தினார். என் அம்மா ஓடுவதை அதற்கு முன் நான் கண்டதில்லை. பின்னும் கண்டதில்லை. என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாள் எது என்று அடுத்த நாள் என் ஆசிரியை கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன், கேட்காமலே சொன்னேன்.

சித்தப்பா கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தார். கையில் தக்காளிச் சோஸ் பைகள் இரண்டு.

"எங்க போனனீ?" என்றார் அப்பா.

"சோஸ் எடுக்க."

அப்பா அவரைப் பார்த்தார். சித்தப்பா சோஸ் பையின் மூலையைப் பல்லால் கிழித்தபடி மலையைப் பார்த்தார். பனி எறிந்து விளையாட யாரும் தம்மை அழைக்கவில்லை என்று அப்பாவுக்குக் கோபம் என எண்ணி, அவர்மேல் ஓர் உருண்டையை எறிந்தேன். அது அவர் மார்பில் பட்டு உடைந்து விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த அம்மா, மீதிப் பொரியலை எடுத்து உண்ணத் தொடங்கினார். உண்டபடியே, சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்க, அப்பாவிடம் கேட்டார்:

"என்னப்பா, மூண்டு நாளா என்னவோ சொல்லப் பாக்கிறியள். சாப்பிடு சாப்பிடு எண்டு நிண்டியள். சாப்பிட்டிட்டன். சொல்லுங்கோவன்."

வழக்கம் விதித்த தடை நீங்கியிருந்தது. யாரும் வந்து சேர முடியாத இடமும் அதுவே. அப்பா வாயைத் திறந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்று அவர் வாய்க்குள் புகுந்திருக்க வேண்டும், இருமினார்.

"ஒண்டுமில்லை," என்றார். "போகேக்குள்ள டீசல் அடிக்கோணும்."

அம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தார். கையிலிருந்த தாளில் ஒரு பிடியளவு பொரியல் மிஞ்சியிருந்தது. நான் கை நீட்டினேன். "இது இருக்கட்டும்," என்று சொல்லி, தாளை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வந்த அழைப்பைத் திருப்பி எடுக்க முயன்றபோது, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். எண் மறைக்கப்பட்டது என்றிருந்தது. "நம்பர் இல்லை அம்மா," என்றேன். ஊரிலிருந்து தொலைபேசி அட்டை போட்டு அழைத்தாலும் அப்படித்தான் வரும். கட்டடத்துக்குப் பின்னால் நின்று எண்ணை மறைத்து அழைத்தாலும் அப்படித்தான் வரும். இந்த இரண்டாவது செய்தியை நான் பின்னாளில் அறிந்தேன்.

திரும்பும் வழியில் அம்மா உறங்கினார். வாகனம் குலுங்க, படுக்கையில், வாய் சற்றே திறந்திருக்க, தொலைபேசியை மார்பில் வைத்தபடி உறங்கினார். கோயில் அறிவிப்புச் செய்து காட்டச் சொல்லிச் சித்தப்பாவை நச்சரித்தேன். "அம்மா நித்திரை, பிள்ளை," என்றார். அதன்பின் அவர் வேறொருவர் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மா விழித்திருந்த நாள்களிலும் இல்லை.

அந்த அழைப்புக்குப் பிறகு வேறு அழைப்பு வரவில்லை. முகாம்கள் திறக்கப்பட்டன, விடுவிக்கப்பட்டவர்கள் தத்தம் ஊர்களுக்குப் போனார்கள், சிலர் இந்நாட்டுக்கும் வந்தார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்டார். கால் ஊனமாகியிருக்கும், அதனால் அடையாளம் தெரிந்திராது என்று தாமே விளக்கமும் தந்தார். புதுத் தொலைபேசி வாங்கியபோதெல்லாம் பழைய எண்ணையே அதற்குள் கொண்டுபோனார். அவரைத் துக்கப்படவும் விடாமல் நம்பவும் விடாமல் அந்த ஓர் அழைப்பு அத்தனை ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்தது.

பதுங்குகுழித் தோழரின் செய்தியை அப்பா என்னிடம் சொன்னது, பாட்டனி டவுன்ஸ் பகுதியில், ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில், காருக்குள். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா மரக்கறி வாங்க உள்ளே போயிருந்தார். கண்ணாடி வழியே வாசலைப் பார்த்தபடி சொல்லி முடித்து, "கொம்மா வாறா. முகத்தைத் துடை," என்றார். ஏன் பிறகாவது சொல்லவில்லை என்று கேட்க நேரமிருக்கவில்லை. பின்னர் நேரமிருந்தபோது கேட்டேன். "அண்டைக்கு அவ சிரிச்ச சிரிப்பை நீயும்தானே பாத்தனீ," என்றார்.

சித்தப்பா இப்போது மாசி என்னும் புறநகரில் தம் குடும்பத்தோடு வாழ்கிறார். அவரிடமும் நேரே கேட்டேன்: அன்று அம்மாவை அழைத்தது நீங்களா? அவர் தம் மகளின் மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அண்ணி அண்டைக்குச் சாப்பிட்டவ. அதை நான் என்ர கண்ணால கண்டனான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், பிள்ளை," என்றார். அது ஒப்புதலும் அன்று, மறுப்பும் அன்று. அவ்வாறே பதிவு செய்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் அம்மா இறந்தார். அவர் வாசிக்க முடியாத நிலை வந்த பின்னரே இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது, அம்மாவின் பெயர் சொல்லி முடித்ததும், அப்பா குனிந்து ஐயரின் காதில் இன்னொரு பெயரையும் சொன்னார். ஐயர் வழக்கப்படி நட்சத்திரம் கேட்டார், அப்பா சொன்னார். இறந்த திதி கேட்டார். "தெரியாது," என்றார் அப்பா. ஐயர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரசியின் பிறந்தநாளுக்கு வசதியான ஒரு திங்கட்கிழமையை வைத்த நாட்டில், மாமாவுக்கு வைக்க எங்களிடம் ஒரு நாள் இருக்கவில்லை.

உறுதியாகத் தெரிந்த ஒன்று எஞ்சியிருக்கிறது. அந்தப் பயணத்துக்குப் பின் அம்மா ஒழுங்காகவே உண்டார். சோறு, கறி, உப்பு, எல்லாம். ஆயினும் அப்பா வீட்டில் இருந்த எந்த வேளையிலும் அவர் தட்டை முழுவதுமாக உண்டு முடித்ததை நான் கண்டதில்லை. ஒரு பிடி மீந்திருக்கும். கேட்டால் காகத்துக்கு என்பார். ஓக்லாந்தில் நான் காகத்தைக் கண்டதில்லை. அப்பா மேசையருகே நின்று அந்த ஒரு பிடியைப் பார்ப்பார். பிறகு, ஊரில் செய்தி கொண்டுவந்து முற்றத்தில் நிற்பவரைப் போல, மழையைப் பற்றி ஏதாவது சொல்வார்.

மாமா இறந்த நாள் தெரியாது. இடம் தெரியாது. மண் போட்டதாகச் சொன்னவர் இப்போது எங்கிருக்கிறார் என்பது தெரியாது. மலையில் அம்மாவோடு பேசியவர் யார் என்பது தெரியாது. அம்மா ஏன் அந்த ஒரு பிடியைக் கடைசிவரை உண்ணவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.